பிரேக் அக்கா போட்ட மார்க்

அந்த ஓட்டுநர் பள்ளியில் கற்றுக்கொண்டவர்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. கற்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய, பக்கத்து இருக்கையில் தனக்கென்று பொருத்தியிருந்த இரண்டாவது பிரேக்கின்மேல் வலது காலை வைத்தபடி இருபத்தொரு வருஷம் ஊரைச் சுற்றியவள். "என் வலது கெண்டைக்கால் இடதைவிட ஒரு சுத்துப் பெருசு. வேணும்னா டேப் வச்சு அளந்து பாருங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். ஒருத்தி நிஜமாகவே அளந்து பார்த்தாள். முக்கால் அங்குலம் வித்தியாசம் இருந்தது.

அவள் அங்கே சேர்ந்தது தொலைபேசி எடுக்கத்தான். ஒருநாள் சொல்லிக்கொடுக்கும் ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் ஒரு பெண் பாடத்துக்காகக் காத்திருந்தாள். "உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே, இன்னிக்கு ஒருநாள் பக்கத்துல உட்காரு" என்றார் முதலாளி. அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஓர் அட்டையில் மார்க் போட்டுக் கொடுப்பாள். கண்ணாடி பார்ப்பது, கியர் மாற்றுவது, திரும்புவது, நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை. மார்க் விஷயத்தில் அவள் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள். அவளிடம் ஏழு வாங்கினால் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். எட்டு வாங்கினவர்களைப் பற்றிப் பேச்சுதான் உண்டு, பார்த்தவர்கள் இல்லை.

அவளுக்கு ஒரு தங்கை. செருப்புக் கம்பெனி அலுவலகத்தில் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த அலுவலகத்தில் மருத்துவ முகாம் நடந்தது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். தங்கைக்கு ஒரு வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆனாலும் ஸ்கேனில் பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், "சந்தேகமா இருக்கு" என்றார்கள். பிறகு அறுவை சிகிச்சை. தைராய்டு சுரப்பியில் பாதியை எடுத்துவிட்டார்கள். எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்தால் அது ஒரு தீங்கும் செய்யாத கட்டி. வீட்டில் எல்லோரும் அப்பாடா என்றார்கள். ஆனால் தங்கைக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை நிரந்தரமாயிற்று. குரலும் தகரத்தில் மண்ணைத் தேய்த்த மாதிரி கரகரத்துப் போனது.

தங்கை அதை லேசாகத்தான் எடுத்துக்கொண்டாள். "குரல்தான் போச்சு, வாய் போகலையே" என்று சிரிப்பாள். சிரிக்க முடியாதவள் பிரேக் அக்காதான். சூடு பட்டது தங்கை, அடுப்பைக் கண்டு ஒதுங்கியது அக்கா. அதன்பிறகு நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களை வரவழைத்துச் சோதித்துப் பார்க்கிற எந்தப் பரிசோதனையின் பேரைக் கேட்டாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் வயதுப் பெண்களைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்து, பக்கத்துக் கிளினிக்கிலிருந்து மூன்று கடிதம் வந்தது. முதல் கடிதத்தைக் கிழித்தாள். இரண்டாவதை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். மூன்றாவதில் என்ஜின் ஆயில் குச்சியைத் துடைத்தாள்.

இப்படி இருந்தவளிடம்தான் டாக்டரம்மா வண்டி கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார்.

டாக்டரம்மாவுக்கு வயது ஐம்பத்து நாலு. அதுவரை எங்கே போனாலும் கணவர்தான் ஓட்டுவார். அவருக்கு முழங்கால் மடங்க மறுத்ததும் அந்த அம்மாள் தானே ஓட்டுவது என்று முடிவெடுத்தார். முடிவில் இருந்த தைரியம் கையில் இல்லை. எதிரே சைக்கிள் வந்தாலே இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கண்ணைப் பொத்திக்கொள்வார். முதல் வாரம் அவர் வாங்கிய உச்சபட்ச மார்க் மூன்று. அதுவும் சீட் பெல்ட் போட்டதற்கு.

"ஆஸ்பத்திரியில உங்ககிட்ட வர்றவங்களும் இப்படித்தான் கண்ணைப் பொத்திக்குவாங்களா?" என்று ஒருநாள் கேட்டாள் பிரேக் அக்கா.

"நான் இப்ப ஆஸ்பத்திரியில இல்லம்மா. சுகாதாரத் துறை ஆபீஸ்ல இருக்கேன். எல்லாக் கிளினிக்குக்கும் ஒரு கையேடு போடறோம். எந்தப் பரிசோதனையை யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் பண்ணணும்னு அதுல இருக்கும்."

"அப்ப என் தங்கச்சி கழுத்தை அறுத்தது உங்க கையேடுதானா?"

டாக்டரம்மா திடுக்கிட்டுக் கிளட்ச்சை விட, வண்டி சிக்னலில் இருமி நின்றது. பின்னால் ஹாரன் வரிசையாகக் கத்தியது. தங்கையின் கதையை அக்கா அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே முழுக்கச் சொல்லி முடித்தாள். சிக்னல் இரண்டு தரம் பச்சையாகி, இரண்டு தரம் சிவப்பானது.

"எங்க கையேட்டுல அது இல்ல" என்றார் டாக்டரம்மா. "ஆனா, எல்லாருக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்கணும்னு ஒரு டாக்டர்கள் சங்கம் வழிகாட்டுதல் போட்டிருக்கு. அதைக் காட்டித்தான் முகாம் நடத்தறாங்க. எங்க கையேட்டுலயும் சேர்க்கச் சொல்லிக் கேக்கறாங்க. சேர்க்கலாமா வேணாமான்னு இனிமேதான் பார்க்கணும்."

"யார் பார்க்கப் போறது?"

"நாலு பேர் மார்க் போடணும். மூணு பேர் இருக்கோம். நாலாவதா பொதுமக்கள்ல ஒருத்தர் வேணும். ஆறு மாசமா தேடறேன், யாரும் சிக்கல."

"முதல்ல வண்டியை எடுங்க."

மூன்று தெரு தாண்டிய பிறகு, "என்னது, மார்க்கா போடணும்?" என்றாள் பிரேக் அக்கா.

"ஆமா. ஒவ்வொரு வழிகாட்டுதலையும் எப்படித் தயாரிச்சிருக்காங்கன்னு பார்க்க இருபத்து மூணு கேள்வி. ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் மார்க்."

"எனக்கு மருந்து தெரியாது, மாத்திரை தெரியாது. மார்க் போடத் தெரியும்."

"அதுதாம்மா வேணும்" என்று சந்தோஷத்தில் டாக்டரம்மா அவள் பக்கம் திரும்ப, பிரேக் அக்காவின் கெண்டைக்காலுக்கு அன்றைக்கும் வேலை வந்தது.

குழுவில் சேருவதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். மருந்துக் கம்பெனியில் பங்கு உண்டா, கருவி விற்கிறவர் யாராவது உறவா என்றெல்லாம் அதில் கேள்வி. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில், 'இந்தப் பொருள் குறித்து உங்களுக்குத் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு உண்டா?' என்று இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'உண்டு. நிறைய' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு நேர்மையா யாரும் எழுதினதில்ல" என்று கோப்பில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் நடந்தது மூன்றாம் மாடியில், நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில். சரியாக மூடாத ஜன்னல், நாலு விதமான நாலு நாற்காலி, நடுவில் ஆறு வழிகாட்டுதல்களின் கட்டு. டாக்டரம்மாவைத் தவிர இன்னும் இரண்டு பேர். ஒருவர் முப்பது வருஷம் வார்டில் வேலை பார்த்த தலைமை நர்ஸ். அவரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றார்கள். இன்னொருவர் புள்ளிவிவர நிபுணர். டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட "பத்துக்கு ஆறு புள்ளி அஞ்சு" என்கிற ரகம் என்பதால் அவருக்குத் தசமம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார்.

விதி எளிமையானது. நாலு பேரும் தனித்தனியாகப் படித்து மார்க் போட வேண்டும். அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு நாலு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மார்க்குகள் ஒன்றையொன்று ஒட்டி விழுந்தால் அந்த மதிப்பெண்ணை நம்பலாம். ஆளுக்கொரு மூலையில் விழுந்தால் மறுபடி உட்கார வேண்டும்.

பயிற்சிக்காகச் சர்க்கரை நோய்ப் பரிசோதனை பற்றிய ஒரு வழிகாட்டுதலை முதலில் கொடுத்தார்கள். பிரேக் அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு, ஒரு வாரம் பென்சிலும் கையுமாக இருந்தாள். அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்து களைத்தவர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"ஏம்மா, மேசை எப்போ திரும்பக் கிடைக்கும்?"

"பதினேழாவது கேள்வியில இருக்கேங்க."

"அப்ப ஆறு கேள்வி மடியிலதான்" என்றார் அவர்.

அடுத்த கூட்டத்தில் நாலு தாளையும் சேர்த்து வைத்தார்கள். ஐந்தாவது கேள்வி, 'பொதுமக்களின் விருப்பங்கள் கேட்டறியப்பட்டனவா?' என்பது. டாக்டரம்மா ஐந்து போட்டிருந்தார். பெரிய சிஸ்டர் ஆறு. தசமம் மூன்று. பிரேக் அக்கா ஒன்று.

"ஏன்மா ஒண்ணு?" என்றார் பெரிய சிஸ்டர். "பன்னிரண்டாம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்காங்களே, 'மக்களின் விருப்பங்கள் கருத்தில் கொள்ளப்பட்டன'ன்னு."

"எழுதியிருக்காங்க சிஸ்டர். யாரைக் கேட்டாங்க? எத்தனை பேரைக் கேட்டாங்க? கேட்டு என்ன மாத்தினாங்க? ஒரு வரி இல்லையே. என்கிட்ட வர்ற ஸ்டூடண்ட் எல்லாரும் 'கண்ணாடி பார்த்தேன் அக்கா'ம்பாங்க. நான் அதுக்கு மார்க் போடமாட்டேன். தலை திரும்பிச்சா, அதைத்தான் பார்ப்பேன்."

அன்று காலையில்தான் கண்ணாடி பார்க்காமல் இரண்டு மார்க் வாங்கிய டாக்டரம்மா குனிந்து சிரித்தார்.

"லைசென்ஸ் டெஸ்ட்ல இப்படி ஒரு கூத்து நடந்துச்சு" என்று பிரேக் அக்கா தொடர்ந்தாள். "ரெண்டு இன்ஸ்பெக்டர். ஒருத்தர்கிட்ட போனா பாஸ், இன்னொருத்தர்கிட்ட போனா பெயில். ஓட்டினது என்னவோ ஒரே மாதிரிதான். சண்டை பெருசாச்சு. அப்புறம் ரெண்டு பேரும் மைதானத்துக்குப் போய், சக்கரம் கோட்டை எவ்வளவு மிதிச்சா மிதிச்ச கணக்குன்னு சுண்ணாம்பு போட்டு வரைஞ்சு வச்சாங்க. அன்னியோட சண்டை தீர்ந்துச்சு."

தசமம் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைத்தான் நாமும் செய்யணும்" என்று எழுந்து போய்ப் பலகையில் கோடு போட ஆரம்பித்தார். அன்று மதியம் முழுக்க இருபத்து மூன்று கேள்விக்கும், எது இருந்தால் எத்தனை மார்க் என்று உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். 'செய்தோம்' என்று சொன்னால் மட்டும் போதாது, எப்படிச் செய்தார்கள் என்று காட்டியிருக்க வேண்டும் என்பதைப் பெரிய சிஸ்டரே முதல் விதியாக எழுதிவைத்தார். அதே வழிகாட்டுதலுக்கு மறுபடி தனித்தனியாக மார்க் போட்டார்கள். ஐந்தாவது கேள்விக்கு இப்போது இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று.

"அந்த ஒண்ணு யாருதுன்னு கேக்கமாட்டேன்" என்றார் தசமம்.

அதற்கடுத்த முறை வந்தது கழுத்து ஸ்கேன் வழிகாட்டுதல்.

பளபளப்பான அட்டை. உள்ளே சிரிக்கிற குடும்பத்தின் படங்கள். பிரேக் அக்கா அதற்காகவே காத்திருந்தாள். வீட்டில் உட்கார்ந்து கரும்பு தின்கிற மாதிரி ருசித்து ருசித்து மார்க் போட்டாள். ஆதாரங்களை எங்கே தேடினார்கள் என்று இருக்கிறதா? இல்லை, ஒன்று. ஆய்வுகளின் தரத்தைச் சோதித்தார்களா? இல்லை, ஒன்று. ஸ்கேனால் வரக்கூடிய கெடுதல் பற்றி? ஒரு சொல்கூட இல்லை, ஒன்று. இதைத் தயாரிக்க உதவியது யார் என்று சொல்ல வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அதற்கும் ஒன்று. இருபத்து மூன்று கேள்விக்கும் தாள் முழுக்க ஒன்று ஒன்றாக, பல் குத்தும் குச்சிகளை அடுக்கிய மாதிரி நின்றது.

கூட்டத்தில் பெரும்பாலான கேள்விக்கு மற்ற மூவரும் ஒன்று, இரண்டு என்றே போட்டிருந்தார்கள். பிரேக் அக்காவுக்கு உள்ளூர ஒரே குதூகலம். பதினைந்தாவது கேள்விக்கு வந்ததும் தசமம் பென்சிலை நிறுத்தினார். 'பரிந்துரைகள் தெளிவாகவும் குழப்பமின்றியும் உள்ளனவா?' மூவரும் ஏழு. அக்கா ஒன்று.

"இது எப்படி?" என்றார் தசமம்.

"எல்லாருக்கும் ஸ்கேன் எடுன்னு போட்டிருக்கு. அது தப்பு."

"தப்பா சரியான்னு கேக்கலம்மா. தெளிவா இருக்கா?"

"தெளிவா... தப்பா இருக்கு."

"தப்புக்கு மார்க் வேற கேள்வியில குறைச்சாச்சு. இந்தக் கேள்விக்கு என்ன மார்க்?"

அவள் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தாள். இருபது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழுத்து ஸ்கேன். தெளிவு என்றால் தெளிவு, கண்ணாடி மாதிரி. அவளுக்குக் காது சூடானது. தன்னோடு சண்டை போட்டுவிட்டுப் போன ஒரு மாணவி நன்றாகத் திரும்பினாலும் மார்க்கைக் குறைத்துப் போடுகிற ஆசிரியை என்று யாராவது தன்னைச் சொல்லியிருந்தால் அவள் அவர்களை லேசில் விட்டிருக்க மாட்டாள். இங்கே செய்திருப்பது அதேதான்.

அழிப்பானை எடுத்தாள். ஒன்றை அழித்தாள். ஏழு போட்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் குடிக்கிறவள் முகத்தோடு போட்டாள் என்று பெரிய சிஸ்டர் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"மொத்தத்துல அது பெயில்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

"தாராளமா பெயில்" என்றார் தசமம். "இப்ப அந்த பெயிலை யாரும் அசைக்க முடியாது. உங்க பழைய தாளை வச்சிருந்தா, இவங்க கோபத்துல போட்டாங்கன்னு ஒரே வார்த்தையில தள்ளியிருப்பாங்க."

அந்தப் பேச்சு அவள் மனதில் நன்றாகப் பதிந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். தங்கைக்குப் போன் செய்து சொன்னாள். மறுநாள் டாக்டரம்மாவிடமும் சொன்னாள், அவரும் அந்த அறையில்தான் இருந்தார் என்பதை மறந்து.

அந்த வாரமே டாக்டரம்மா ஓட்டுநர் தேர்வில் மூன்றாம் முயற்சியில் தேறினார். மைதானத்திலிருந்து வெளியே வந்து, நடுத்தெருவில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். ஒரு ஐஸ் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அக்கா தன் அட்டையில் அவருக்கு ஏழு போட்டுக் கொடுத்தாள். டாக்டரம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னார். மாட்டினாரா என்று தெரியாது.

ஆறு வழிகாட்டுதல்களில் கடைசியாக இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வழிகாட்டுதல். சாம்பல் நிற அட்டை, நூற்று நாற்பது பக்கம், மருந்துக்குக்கூட ஒரு படம் இல்லை. 'உனக்கும் இருக்கு கச்சேரி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் பிரேக் அக்கா அதைத் திறந்தாள்.

முதல் நாற்பது பக்கம் படிப்பதற்கு மூன்று நாள் ஆனது. எங்கெங்கே தேடினார்கள், எத்தனை ஆய்வுகளை எடுத்தார்கள், எத்தனையை எந்தக் காரணத்துக்காக ஒதுக்கினார்கள் என்று பட்டியல் பட்டியலாக இருந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அதற்கான ஆதாரம் உறுதியானதா, சுமாரானதா, பலவீனமானதா என்று அவர்களே குறித்திருந்தார்கள். குழுவில் இருந்தவர்களில் ஒருவருக்குக் கருவிக் கம்பெனியோடு தொடர்பு உண்டு என்றும், அதனால் அவர் வாக்களிக்காமல் வெளியே உட்கார்ந்திருந்தார் என்றும்கூட எழுதியிருந்தது. அவளுக்குத் திட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு, 'தீமைகள்' என்று தனியாக ஓர் அத்தியாயம் வந்தது.

சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். ஒன்றுமில்லாதவர்களுக்கும் சில சமயம் சந்தேகம் என்று முடிவு வரும். அதனால் பயப்படுவார்கள். தேவைக்கு மேல் சிகிச்சை நடக்கலாம். அதைக் குறைக்கத்தான் இந்த வயதுக்கு முன்னால் செய்யாதே, இந்த வயதுக்கு மேல் நிறுத்து, வருஷாவருஷம் செய்யாதே, இத்தனை வருஷம் இடைவெளி விடு என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு தீமையையும் ஒரு தட்டில் வைத்து, காப்பாற்றப்படும் உயிர்களை இன்னொரு தட்டில் வைத்து, இரண்டையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்துக் காட்டியிருந்தார்கள். உயிர்த் தட்டு நன்றாகவே தாழ்ந்து நின்றது.

"என்னங்க, இங்க பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். "தன் குறையைத் தானே சொல்ற பேப்பரை இப்பதான் பாக்கறேன். கல்யாணத் தரகர்ல இப்படி ஒருத்தர் இருந்திருந்தா!"

"இருந்திருந்தா நமக்குக் கல்யாணமே ஆகியிருக்காது" என்றார் அவர், மடியிலிருந்த தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆறும் ஏழுமாக மார்க் போட்டுக்கொண்டே போனாள். பதினைந்தாவது கேள்வியில் மட்டும் கை நின்றது. தெளிவாக இருக்கிறதா? இரண்டு போட்டாள்.

கூட்டத்தில் மற்ற மூவரும் அதற்கு ஆறு போட்டிருந்தார்கள். மூன்று ஜோடிக் கண்கள் அவள் பக்கம் திரும்பின.

"இந்தத் தடவை கோபம் எதுவும் இல்ல" என்று கையைத் தூக்கினாள் பிரேக் அக்கா. "எண்பத்தி ஒண்ணாம் பக்கம், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேளுங்க." படித்தாள். படிக்க ஆரம்பித்த மூச்சு வாக்கியம் முடியும்வரை தாங்கவில்லை. நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. "சிஸ்டர், இதுக்கு அர்த்தம் சொல்லுங்க."

பெரிய சிஸ்டர் அந்தப் பக்கத்தைப் புரட்டி எடுத்தார். "எந்த வயசுல நிறுத்தணும்னு சொல்றாங்க. இல்ல, யாருக்கு நிறுத்தக் கூடாதுன்னு... இருங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை படித்தார். தலையைச் சொறிந்தார். பிறகு நாற்காலியே ஆடுகிற மாதிரிச் சிரிக்க ஆரம்பித்தார். "முப்பது வருஷம் வேலை பார்த்தவ நான். எனக்கே புரியல. புரியும்னு நினைச்சுக்கிட்டு ஆறு போட்டிருக்கேன்!"

பெரிய சிஸ்டர் தன் ஆறை இரண்டாக்க, டாக்டரம்மாவும் தன் ஆறை அழித்துவிட்டு மூன்று போட்டார். தசமம் மட்டும், "மூணு புள்ளி அஞ்சு போட இடமிருந்தா நல்லாயிருக்கும்" என்று முனகிக்கொண்டே மூன்று போட்டார். மொத்தத்தில் அது மற்ற ஐந்தையும் தாண்டி முதலிடம் பெற்றது. கையேட்டில் அதைச் சேர்ப்பது, கழுத்து ஸ்கேனைச் சேர்க்காமல் விடுவது என்று முடிவாயிற்று. கூடவே, அந்த நூற்று நாற்பது பக்கத்தைச் சாதாரணப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே தாளில் எழுதும் வேலையைப் பெரிய சிஸ்டருக்கும் பிரேக் அக்காவுக்கும் கொடுத்தார்கள். நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு, யாருக்கு வேண்டாம் என்று மூன்றே பத்தியில் எழுதினார்கள். அந்த மூன்று பத்திக்கு ஒன்பது முறை சண்டை நடந்தது.

எழுதி முடித்த அன்று சாயங்காலம் பிரேக் அக்கா நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்றதைக் கோபப்படாம கேளு" என்று ஆரம்பித்தாள் அக்கா. "உனக்கு நடந்தது அநியாயம்தான். அந்த ஸ்கேன் பேப்பரை பெயில் பண்ணியாச்சு. ஆனா எல்லாப் பேப்பரும் ஒண்ணில்லடீ. இந்தக் கருப்பைவாய்ப் பரிசோதனை இருக்கே, நல்லா அலசிப் பார்த்துட்டேன். நம்பலாம். நானும் பண்ணிக்கப் போறேன். நீயும் பயப்படாம..."

"நான் போன வருஷமே பண்ணிக்கிட்டேனே" என்றாள் தங்கை.

அக்கா மடிக்க எடுத்த துணியைக் கீழே போட்டாள்.

"அதுக்கு முன்னாடியும் ஒருதரம் பண்ணிக்கிட்டேன். கழுத்து ஸ்கேனுக்கு அப்புறம், எது வந்தாலும் டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் பண்ணிக்கறேன். இதுக்கு நல்ல பதில் சொன்னாங்க, பண்ணிக்கிட்டேன். அவ்வளவுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"உன்கிட்ட சொன்னா பிரேக் போட்டிருப்பே" என்றாள் தங்கை, அந்தக் கரகரத்த குரலில். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் மடித்துவைத்த துணிக் குவியலின்மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு வருஷத்தில் அந்தக் கழுத்து விஷயத்துக்காக அக்கா சிரித்தது அன்றுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவள் கிளினிக்குக்குப் போனாள். துணைக்குத் தங்கையும் வந்தாள். அவர்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. ஓட்டுநர் பள்ளியில் படிக்கிற இரண்டு பேர், எதிர் வீட்டுத் தையல்காரி என்று மூன்று பேரை வழியில் ஏற்றிக்கொண்டார்கள். அக்கா ஓட்டினாள். தங்கைக்குப் பக்கத்து இருக்கை. வழியெல்லாம் தாளிலிருந்த தீமைப் பத்தியைத் தங்கை உரக்கப் படித்தாள். "இதைக் கேட்டுட்டுப் போறதா, வேணாமான்னு முடிவு பண்ணுங்க. கட்டாயம் ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. தையல்காரி மட்டும், "எனக்கு இன்னும் யோசிக்கணும்" என்றாள். "யோசி, அவசரமே இல்ல" என்று அவளை வாசலிலேயே ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் வெளியே வருவதற்குள் அவள் யோசித்து முடித்துவிட்டு, உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

சின்ன அறை, திரைச்சீலை, உயரமான படுக்கை. நர்ஸ் சின்னப் பெண். "கொஞ்சம் அசௌகரியமா இருக்கும் அக்கா, ரெண்டு நிமிஷம்தான். காலைத் தளர்வா விடுங்க" என்றாள்.

"இருபத்தொரு வருஷமா அந்தக் கால் தளர்ந்ததே இல்லம்மா" என்றாள் பிரேக் அக்கா. நர்ஸுக்குச் சிரிப்பு வந்து, கையை ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஒன்றுமில்லை, எல்லாம் சரி, அடுத்த பரிசோதனை இத்தனை வருஷத்துக்கு அப்புறம்தான், அதுவரை வர வேண்டாம் என்று இருந்தது. 'வர வேண்டாம்' என்பதைக் கணவருக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினாள். அவர் மேசையில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

கையேடு அச்சாகி வந்தது. மூன்று பத்தித் தாள் எல்லாக் கிளினிக்குக்கும் போனது. ஒருநாள் மதியம், பாடத்துக்கு நடுவில், பெரிய சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு எடுத்தாள்.

"உன்னால கிளினிக்ல என் நர்ஸுங்க தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்றார் பெரிய சிஸ்டர். "முன்னெல்லாம் கையெழுத்துப் போடுன்னா போட்டுட்டுப் போவாங்க. இப்ப வர்றவ ஒவ்வொருத்தியும், 'இதுல கெடுதல் என்ன, முதல்ல அதைச் சொல்லுங்க'ங்கறா. ஒருத்திக்குப் பதில் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகுது. இன்னிக்குக் காலையில மட்டும் முப்பத்தி ரெண்டு பேர்!"

"கேட்டுட்டுத் திரும்பிப் போயிடறாங்களா சிஸ்டர்?"

"எங்கே போறாங்க? ரெண்டு பேர் போனாங்க. மீதி எல்லாரும் பண்ணிக்கிட்டுத்தான் போனாங்க. போற வழியில பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒரு தாள் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. தாள் தீர்ந்துபோச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இன்னும் ஒரு கட்டு அனுப்பச் சொல்லு."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த புது மாணவி, அக்கா ஏன் இப்படித் தனக்குத்தானே தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கிறாள் என்று தெரியாமல் பார்த்தாள்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா அக்கா?"

"இல்லடா கண்ணு, நீ நல்லாத்தான் ஓட்டறே" என்றாள் பிரேக் அக்கா. அன்று அந்தப் பெண்ணுக்கு எட்டு மார்க் விழுந்தது. பள்ளியில் இன்றுவரை யாரும் அதை நம்பவில்லை.